நகத்தில் நின்ற நீலம்

எண்பத்தைந்து. பாவாயி அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விலை பேசும்போது எதிராளி முகத்தை விட்டுப் பார்வையை நகர்த்தினால் அந்த இடத்திலேயே தோற்றோம் என்பது அவள் தெருத்தெருவாய்ப் பெட்ஷீட் சுமந்து விற்ற காலத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அதே முறைப்பை இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிற பெட்டியிடம் காட்டிக்கொண்டு நின்றாள். ஏறு, ஒண்ணு ஏறு, எண்பத்தாறுன்னு சொல்லிப் பாரு. அது எண்பத்தைந்திலேயே நின்றது. ஆக்சிஜன் மூடியை மாட்டி அரைமணி ஆகிறது, குழாயில் காற்று சீறுகிறது, ஓட்டைக் குடத்தில் ஊற்றினாற்போல அத்தனை காற்றும் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மூடிக்குள் அவள் புருஷன் அங்கமுத்துவின் உதடு பழுத்த நாவற்பழ நிறத்தில் இருந்தது. காது மடல் அப்படி. நகம் அப்படி. அந்த நகத்தைத்தான் அவள் காலையில் பத்தரை மணிக்குப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்துவிட்டு என்ன செய்தாள்? சாயப்பட்டறைக்காரன் நகம் நீலமாய் இல்லாமல் பவுன் நிறத்திலா இருக்கும்? இருபது வருஷமாய் அந்தக் கை ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு, ஒருநாள் அந்தியில் மேகம் நிற்பது போலக் கலவை. சாயங்காலம் ஒரு சீர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாளாய் அவனோடு பேச்சில்லை என்பதால் வாயால் சொல்லாமல் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியை அவன் முன்னால் டொம்மென்று வைத்தாள். தேய் என்று அர்த்தம். அவனும் தேய்த்தான். குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்க, ஒவ்வொரு விரலாய். போகவில்லை. அவள் தேங்காய் நார் எடுத்துப் போட்டாள். அதற்கும் போகவில்லை. எந்தச் சாயமாயிருந்தாலும் பிளீச்சிங்குக்குக் கொஞ்சமாவது மசியும் என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்தே ஒரு மணி நேரம், ஒரு முழு மணி நேரம், அவள் உள்ளே போய் நூல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வாளி கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் அவனும்.

எண்பத்தைந்து. டாக்டர் நஸ்ரினுக்கு முப்பது வயசுகூட இராது, கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறது. இந்தப் பொண்ணா பார்க்கப் போகுது என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. பெரிய டாக்டரைக் கூப்பிடு என்று சத்தம் போட்டதும் பாவாயிதான். அந்தப் பெண் சத்தத்தைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. அங்கமுத்துவின் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டாள். பக்கத்தில் நர்ஸின் விரலைக் குத்தி இன்னொரு சொட்டு. தாளைக் காற்றில் விசிறினாள். நர்ஸின் சொட்டு செம்பருத்தியாய்ப் பளிச்சென்றது. அங்கமுத்துவின் சொட்டு அப்படியே கிடந்தது, வறுத்த காப்பிக்கொட்டையை அரைத்துக் குழைத்த மாதிரி. நிறம் பார்ப்பதில் பாவாயியை ஏமாற்ற எவனும் பிறக்கவில்லை. ஒரே தொட்டியில் இரண்டு முறை முக்கிய நூலைத் தனித்தனியே வைத்தால் எது முன்னே எது பின்னே என்று சொல்லிவிடுவாள். அவள் அந்தத் தாளைக் கிட்டே குனிந்து பார்த்தாள். மனுஷன் ரத்தத்துக்கு அது நிறமே இல்லை.

“காலையில இருந்து என்னம்மா சாப்பிட்டாரு?”

“அமாவாசைங்க, விரதம். வெறும் மோருதானுங்க.”

“மோர்ல என்ன போட்டாரு?”

“உப்பு. வேறென்னத்தைப் போடுவாங்க மோருல.”

“எந்த உப்பு?”

சாயப்பட்டறையில் உப்பு என்றால் சாக்குக் கணக்கு. நூலில் சாயம் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டுகிற இடத்தில் எவன் கடையில் போய் உப்புப் பாக்கெட் வாங்குவான்? மாங்காய்க்கும் மோருக்கும் அதிலிருந்தே ஒரு சிட்டிகை, எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். ஆனால் இரண்டு நாளைக்கு முன்னால் பெருந்துறைப் பக்கம் மூடுகிற ஒரு பட்டறையில் நைட்ரைட் கிடைத்தது. ஒருவகைச் சாயத்துக்கு நிறம் பிடிக்கவைக்கிற மருந்து. பார்வைக்கு உப்பேதான், கொஞ்சம் மஞ்சளோடிய உப்பு. கம்பெனி டிரம்மோடு ஒரு விலை சொன்னான். டிரம் எனக்கெதுக்கு, டிரம்மையா நூலில் பூசப்போறேன், உப்புச் சாக்கில் கொட்டிக் கொடு என்று அரைமணி நேரம் நின்று பேரம் பேசி ஜெயித்துக்கொண்டு வந்தாள். வந்து, உப்பு மூட்டைகளோடு மூட்டையாய்ப் போட்டு, வாயை நீல நூலால் கட்டினாள். நீல நூல் கட்டினது உப்பில்லை. அந்த அடையாளம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்.

சொன்னதும் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தலையாட்டினாள், தேடின பொருள் கிடைத்துவிட்ட மாதிரி. “அதேதாம்மா. நம்ம ரத்தத்துல காத்தைச் சுமக்கறது ஒரு இரும்புச் சத்து. இந்த உப்பு உள்ள போனா அது மாறிப்போயிரும். மாறினது காத்தைப் பிடிக்காது. மாறாம மிச்சம் இருக்குதே, அது பிடிச்ச காத்தை இறக்கிவிடாது. அதனாலதான் எவ்வளவு ஆக்சிஜன் வெச்சும் நீலம் போகல, மிஷினும் எண்பத்தஞ்சுலயே நிக்குது. மெத்தீமோகுளோபினீமியான்னு பேரு. மீதி மோரை யாரும் தொட வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிருங்க.” பாவாயி பட்டறைக்குப் பக்கத்து வீட்டு மாராத்தாளைக் கூப்பிட்டு, உள்ளே போ, மேஜை மேலே ஒரு டம்ளர் மோர் இருக்கும், சாக்கடையில் கொட்டு, மோந்துகூடப் பார்க்காதே என்று கத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அது அவளுடைய டம்ளர். மூன்று நாள் பேச்சில்லாததற்கு அங்கமுத்து இரண்டு டம்ளர் கரைத்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்திருந்தான். ராசிக்கு வந்தவனைப் பார்க்காத மாதிரி அவள் எழுந்து போயிருந்தாள். வீம்புதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. நல்ல பிழைப்பு.

“மருந்து இருக்குதுங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க.”

“இருக்கும்மா. மெத்திலீன் ப்ளூ.”

பாவாயிக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. “அது சாயமுங்களே!”

“சாயந்தான். ஊசிக்குன்னு சுத்தமாத் தயாரிக்கறது. ரத்தத்துல மெதுவா அஞ்சு நிமிஷம் ஏத்தினா, ஒரு மணி நேரத்துக்குள்ள மாறின இரும்பைப் பழையபடி திருப்பிரும்.”

“அப்பறம் என்னத்துக்குப் பார்த்துட்டு நிக்கறீங்க? ஏத்துங்க! எத்தனை வேணுமோ ஏத்துங்க!”

“கத்தாதீங்கம்மா. ஒண்ணு தெரியோணும். சிலபேர் உடம்புல பிறவியிலயே ஒரு பொருள் குறைவா இருக்கும். அவங்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதோட, ரத்த அணுவை உடைச்சுப் போட்டுரும், இப்ப இருக்கறதைவிட மோசமாயிரும். அதுக்கு டெஸ்ட் இருக்குது, ரிசல்ட் வர நாளைக்கு ஆகும். அதுவரைக்கும் தாங்காது. இவருக்கு எப்பவாவது ஏதாவது மாத்திரை போட்டு, கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் கறுப்பாப் போயிருக்கா? சொந்தத்துல யாருக்காவது?”

டாக்டர் இதை முதலில் அங்கமுத்துவிடம்தான் குனிந்து கேட்டாள். அவன் கண்ணைத் திறந்தான், மூடிக்குள் உதடு அசைந்தது. “அவளைக் கேளுங்க.” அவ்வளவுதான். திரும்பவும் சொருகிக்கொண்டான். நூல் வியாபாரி வந்தாலும் அவளைக் கேளுங்க, கரண்ட் ஆபீஸ்காரன் வந்தாலும் அவளைக் கேளுங்க, இப்போது இவன் உசிருக்கும் அவளைத்தான் கேட்க வேண்டுமாம். பாவாயி இல்லைங்க, அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க என்று சொல்ல நாக்கைத் தூக்கிவிட்டாள். டாக்டர் கையமர்த்தினாள். “மருந்து அடுத்த பிளாக்ல இருந்து வரோணும், பத்து நிமிஷம் ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னு சொல்லி இருந்துட்டா ஆபத்து. இருக்குன்னு சொல்லி இல்லாமப் போனா, நல்ல மருந்தை விட்டுட்டு மெதுவா வேலை செய்யறதைப் பண்ணுவோம், அதுலயும் நேரம் போகும். ரெண்டுமே சின்ன விஷயம் இல்ல.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் பாவாயி லோடு நூலை விலை பேசி முடித்திருக்கிறாள், இரண்டு வேலையாளை நிறுத்தியிருக்கிறாள், ஒரு முறை ஒரு போலீஸ்காரனிடம் பேசி அவன் ஜீப்பையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். யோசிப்பது என்பது அவள் பேசிக்கொண்டே செய்கிற காரியம், எதிரில் ஆள் வேண்டும், மறுத்துப் பேச ஒரு வாய் வேண்டும். இங்கே சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு பல்லி, ஒரு காலண்டர், காலண்டரில் இன்றைய தேதி கருவட்டமாய். இரும்பு உடம்பு இவருக்கு, மாத்திரையாவது மண்ணாவது, காய்ச்சல் வந்தால் மிளகு ரசம், சளி வந்தால் மிளகு ரசம், இல்லை, கிடையாது, ஒன்றுமே கிடையாது. கிடையாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஊசி போடுவார்கள், ஒரு மணி நேரத்தில் நீலம் போய்விடும், சாயங்காலம்… சாயங்காலம் சீராவது கத்தரிக்காயாவது. அந்த மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை, நீல நூல் போட்டது உப்பில்லை என்று ஒரே ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? சொன்னேனா? சொன்ன மாதிரி இருக்கிறது. மூட்டையை இறக்கும்போது இவர் எங்கே இருந்தார், தொட்டி கழுவிக்கொண்டிருந்தார், முதுகு தெரிந்தது, முதுகைப் பார்த்து எவளாவது பேசுவாளா. பேச்சில்லை. அன்றைக்கு முதல்நாள் ராத்திரியிலிருந்துதான் பேச்சில்லை. பேசியிருந்தால் சொல்லியிருப்பாள், சும்மாவா சொல்லியிருப்பாள், டிரம் இல்லாமல் வாங்கின சாமர்த்தியத்தை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லியிருப்பாள், கேட்டுக் கேட்டு இவர் காது புளித்திருக்கும், உசிரும் பிழைத்திருக்கும். மூக்கு நுனியில் இருக்கிற கோபத்தை மூன்று நாள் இறக்கி வைக்க முடியவில்லை உனக்கு. எதற்காம் அந்தக் கோபம்? நினைக்கவே எரிந்தது, இப்போதும் எரிந்தது, எரிந்துகொண்டே அவள் அதற்குள் போனாள், புண்ணைச் சொறிகிற மாதிரி.

மகள் தாரணியைப் பெண் பார்க்கக் கோபி ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டு, “தப்பா நெனைக்காதீங்க அம்மிணி, பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கவழக்கம் ஏதும்?” என்றாள். சரக்கில் இருக்கிற குறையை நாமே முதலில் சொல்லிவிட்டால் வாங்குகிறவன் மீதிக்கு நம்புவான், பாவாயியின் வியாபார நியாயம் அது. “பொய் சொல்லமாட்டனுங்க. ஒரு காலத்துல குடிச்சாரு. காமாலையே வந்து படுத்துட்டாரு. நாந்தான் அடக்கி ஒடுக்கி நிறுத்தினேன். இருபத்திரண்டு வருஷமாச்சு, தொட்டதில்ல.” அந்தம்மா மெச்சிக்கொண்டாள். அங்கமுத்து வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் போனதும், வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, கல்யாணமான நாளிலிருந்து குரல் உயர்த்தாத மனுஷன் உயர்த்தினான். “நான் குடிச்சதை நீ பார்த்தியா?” அவள் காப்பி டம்ளர்களை எடுக்கக் குனிந்தாள். “பார்த்தியாடி? உன்ற ரெண்டு கண்ணால பார்த்தியா?” என்னையே எதிர்த்துக் கேள்வியா என்று அவளுக்கு வந்தது வெறி. பார்க்கோணுமா, உங்க கண்ணு மஞ்சளாப் போனதை ஊரே பார்த்துச்சு, அது போதாதா என்று கத்தினாள். கத்திவிட்டு வாயைப் பூட்டியவள்தான், மூன்று நாள். கண்ணு மஞ்சளாப் போனது. பாவாயியின் பார்வை காலண்டரிலிருந்து நழுவித் தரைக்கு வந்தது. கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் கறுப்பாப் போயிருக்கா என்று அந்தப் பெண் கேட்டாளே, அதற்கு இல்லை என்று சொல்லத்தானே இத்தனை நேரம் நாக்கு துடித்தது. காமாலை என்றால் அவளுக்குக் குடி. குடி என்கிற மூட்டையில் கட்டிப் போட்டது அது. டாக்டர் மாத்திரை என்று கேட்டதும் அந்த மூட்டைப் பக்கமே அவள் மனசு போகவில்லை.

அவிழ்த்துப் பார். அப்போது அவர் பெட்ஷீட் தூக்கிக்கொண்டு விசாகப்பட்டினம் பக்கம் மூன்று வாரம் போயிருந்தார், கூட இரண்டு பேர், இரண்டு பேரும் மொடாக்குடியர்கள். திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வந்து நாலைந்து நாளில் காய்ச்சல், குளிரென்றால் குளிர், மூன்று கம்பளிக்குள் கட்டிலே ஆடியது. நர்ஸம்மா வந்து விரலில் குத்திப் போனாள், மலேரியா என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பதினாலு நாளைக்கு, விடாமல். முதல் நாள் போட்டார். இரண்டாம் நாள். மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்புறத்திலிருந்து, “பாவாயி, இங்க வந்து பாரேன்” என்று கூப்பிட்டார். பார்த்தாள். டிகாஷன். முதல் டிகாஷன். மத்தியானம் கண் மஞ்சள். மாத்திரை முதலில், மஞ்சள் அப்புறம். இந்த வரிசை இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை, அன்றைக்கு அவள் அதைப் பார்க்கவே இல்லை. கூடப் போனவர்களில் ஒருத்தனைத் தெருவில் மடக்கிக் கேட்டாள், குடிச்சாரா என்று. அவன் இளித்துக்கொண்டு, “அண்ணனும் எங்ககூட உட்கார்ந்திருப்பாருங்க அக்கா” என்றான். உட்கார்ந்திருப்பார். குடித்தார் என்று அவன் சொல்லவில்லை. கல்லுக் கல்லாய்ப் பார்த்துப் பருப்பு வாங்குகிறவள், நூலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் ஒரு கட்டுக்கூட எடுக்காதவள், அந்த ஒரு சொல்லைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே வாங்கி வீட்டுக்குள் வைத்தாள். சத்தியம் செய்தார் அவர், சாமி படத்தில் கை வைத்து. திருடன் வைக்காத கையா என்றாள். பச்சிலை வைத்தியர் ஒருத்தரிடம் கூட்டிப்போனாள். அவர் நாடி பார்த்துவிட்டு, இங்கிலீஷ் மருந்து எதையும் வாயில் வைக்கக் கூடாது, இன்றோடு நிறுத்து என்றார். நிறுத்தினார்கள். பத்து நாளில் தெளிந்துவிட்டார். பச்சிலைதான் காப்பாற்றியது என்று அவளும் நம்பினாள், தன் திட்டும் சேர்ந்து காப்பாற்றியது என்றும். அப்போது மாமியார், அந்தம்மா உசிரோடு இருந்த வரைக்கும் அவளோடு ஒத்துப்போனதில்லை, வாசற்படியில் நின்று மெதுவாய் ஒன்று சொல்லியது. “என்ற தம்பிக்கும் இப்படித்தான் சாமி, காய்ச்சல் மாத்திரை சேராது, கறுப்பாப் போகும்.” பாவாயி என்ன சொன்னாள்? குடிகார மகனுக்கு வக்காலத்தா என்றாள். அதே சொல், அதே சுருதி, இப்போது காதுக்குள் கேட்டது. அந்தம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கவிட்டால்தானே.

ஆனாலும் நிஜமாய்க் குடித்திருந்தால்? அதுவும் ஒரு பக்கம் நின்றுகொண்டு விடாமல் வம்பு பேசியது. குடித்து, ஈரல் கெட்டு, வந்த சாதாரணக் காமாலையாய் இருந்து, நீ பாட்டுக்கு மாத்திரை என்று சொல்லி, ஒரு மணி நேரத்தில் நீலத்தை எடுக்கிற மருந்தை வேண்டாமென்று திருப்பி அனுப்பி, அந்த மெதுவான மருந்து எட்டாமலே இவர் போய்விட்டால்? இருபத்திரண்டு வருஷமாய் நீ சொன்னது சரியாயிருந்தால் அந்தச் சாயத்தை இப்பவே ஏற்றலாம். நீ சொன்னது தப்பாயிருந்தால்தான் இவர் பிழைக்க வேறு வழி பார்க்க வேண்டும். யார் பேச்சை எடுக்கிறாய், உன் பேச்சையா, இவர் பேச்சையா? எந்தப் பேரத்திலும் தன் பக்கம் நின்றே பழகினவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று தன்னைப் பார்ப்பதற்குக் கால் கூசியது. பார்த்தியா என்று கேட்டாரே, அதற்கு ஒரே பதில்தான் உண்டு. பார்க்கவில்லை. வாடை? அதுவும் இல்லை. மூன்று வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்த சட்டையில் வேர்வையும் புது பெட்ஷீட் கஞ்சி வாசமும்தான் இருந்தது. அந்தச் சட்டையைத் துவைத்தது அவள்தான். பங்காளி வீட்டு விருந்தில் எவனாவது பாட்டிலைத் திறந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து வந்துவிடுகிற ஆள். வீட்டில் மாடே கிடையாது. அதை அவள் இத்தனை வருஷம் எப்படி விளங்கிக்கொண்டாள்? என்னைக் கண்ட பயம் என்று. தூரத்தில் வராந்தாவில் செருப்பு சத்தம் கேட்டது. எங்கெங்கோ போயிருந்த எண்ணத்தை ஒரு நொடியில் கீழே இழுத்துக்கொண்டு வந்தது அந்தச் சத்தம். நர்ஸ் கையில் சின்னப் பெட்டி, பெட்டிக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பி, அதற்குள் நீலம். அப்படியொரு நீலத்தை அவள் தொட்டியில் ஒருநாளும் எடுத்ததில்லை, ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் இருக்கிற நீலம். டாக்டர் ஊசியை உறையிலிருந்து உரித்தாள்.

“சொல்லுங்கம்மா. இருக்கா, இல்லையா?”

“அவரு குடிக்கலீங்க.”

டாக்டர் புருவத்தைச் சுருக்கினாள். “நான் குடியைக் கேக்கலயே.”

“இருக்குதுங்க. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, மலேரியாவுக்குப் பதினாலு நாள் மாத்திரை. மூணாம் நாள் டிகாஷன் மாதிரிப் போச்சு, கண்ணு மஞ்சளாச்சு. மாத்திரையை நிறுத்தினதும் சரியாப் போச்சு. இவருக்குத் தாய்மாமனுக்கும் அதே மாதிரி. மாமியா சொல்லுச்சு. நாந்தான் காதுல போட்டுக்கல.”

“நிச்சயமாச் சொல்றீங்களா?”

பாவாயிக்கு ஒரு விலை சொன்னால் அதற்குக் கீழே இரண்டு விலை வைத்திருப்பது வழக்கம். “நிச்சயமுங்க” என்றாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

டாக்டர் குப்பியை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த அறை வேறு வேகத்துக்கு மாறியது. வைட்டமின் சி, அதிகமாய், டிரிப்பில். ரத்த வங்கிக்கு ஆள் ஓடினான். உள்ளேயிருக்கிற ரத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் எடுத்துவிட்டு நல்ல ரத்தத்தை ஏற்றப் போகிறோம், மெதுவாத்தான் ஆகும், கையெழுத்துப் போடுங்க என்றார்கள். எதிலும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவள் படிக்காமல் போட்டாள். போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்தாள். ஒருவேளை தப்பாய்ச் சொல்லிவிட்டேனோ. மூன்றாம் நாளா, ஐந்தாம் நாளா? டிகாஷனா, வெறும் தேத்தண்ணியா? கொல்லைப்புறத்தில் அந்தக் கொய்யா மரத்துக்குக் கீழே, வெயில் வந்திருந்ததா, குனிந்து பார்த்தேனே, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, பயந்துபோய் என் கையைப் பிடித்தாரே, நான் கையை உதறினேனே. அது மூன்றாம் நாள்தான். உதறின கைக்கு நாள் மறக்காது. பிற்பகல் இரண்டு மணி. எண்பத்தைந்து. இரண்டே முக்கால். எண்பத்தேழு. அவள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள், நர்ஸ் வெளியே தள்ளினாள். நாலு மணிக்குத் தொண்ணூறு என்றார்கள், உள்ளே விட்டார்கள், சத்தம் போடக் கூடாது என்றார்கள்.

அங்கமுத்துவின் உதட்டிலிருந்து நாவற்பழம் பாதி இறங்கியிருந்தது. நகத்தை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ரோஸ் நிறம், பயந்து பயந்து. அவன் தூங்குகிறானா விழித்திருக்கிறானா தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மூத்தார் நாச்சிமுத்து, காங்கயத்திலிருந்து. மாராத்தாள் மூலம் செய்தி எப்படியெல்லாமோ போயிருக்கிறது. போனை எடுத்ததும் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஏம்மா பாவாயி, ஏதோ குடிச்சு ஆஸ்பத்திரியில கெடக்கறானாமா? பழையபடி ஆரம்பிச்சுட்டானா? நீ அத்தனை பாடுபட்டு நிறுத்தினயே சாமி, திருந்தவே மாட்டானா அவன்?”

இது நாச்சிமுத்துவின் சொல் இல்லை, அவள் கொடுத்த சொல். அவள்தான் வீடு வீடாய்க் கொண்டுபோய் விற்றது, அண்ணனிடம், தங்கச்சிகளிடம், மாப்பிள்ளை வீட்டில். அத்தனை பேரும் அதை நம்பிக்கையோடு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியாய் ஏறித் திரும்ப வாங்க வேண்டும். தொண்டையில் வந்தது அழுகை என்று நினைத்தாள், வெளியே வந்தது கோபம், அவளுக்குத் தெரிந்த ஒரே குரலில்.

“ஆருங்க குடிச்சது? ஆரு குடிச்சதுங்கறேன்! அவரு அன்னிக்கும் குடிக்கல, இன்னிக்கும் குடிக்கல, எப்பவுமே குடிச்சதில்லீங்க மாமா! நாந்தான் பொய் சொன்னேன். பார்க்காமச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். உங்க தம்பிமேல ஒரு சொட்டுக் குத்தம் கிடையாது, கேட்டுதுங்களா, கோபிக்காரங்களுக்கும் நானே போன் பண்ணிச் சொல்லப்போறேன்!”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் பெட்டி அலறியது. திரையில் தொண்ணூறு இல்லை, எதுவுமே இல்லை, ஒரு கோடு. பாவாயியின் கையிலிருந்து போன் விழுந்தது. நர்ஸ் ஓடிவந்தாள். கட்டிலைப் பார்த்தாள், இடுப்பில் கைவைத்தாள். “கையை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை ஐயா சொல்றது!” அங்கமுத்துவின் வலது கை மேலே தூக்கியிருந்தது, விரலில் மாட்டின கிளிப் கழன்று போர்வைமேல் கிடந்தது. மூடிக்குள் கண் திறந்து அவளைப் பார்த்தான். தூக்கின கையின் விரல்களைக் கீழ்நோக்கி மெல்ல அமர்த்திக்கொண்டிருந்தான், கல்யாணமான நாளிலிருந்து அவள் கடைவீதியில் சண்டை பிடிக்கும்போதெல்லாம் இரண்டடி பின்னால் நின்று அவன் செய்கிற அதே காரியம். மெதுவா. மெதுவாப் பேசு. நர்ஸ் கிளிப்பை எடுத்து மாட்டினாள். திரை யோசித்தது. தொண்ணூற்றொன்று.

“சரிங்க” என்றாள் பாவாயி, யாருக்கும் கேட்காத குரலில்.